இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசிய வீடு: 2005ஆம் ஆண்டு ரிசீவரை 4கே டிவியுடன் இணைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை திருநகரில், மொட்டை மாடிக்கு ஏறினால் திருப்பரங்குன்றம் மலை முழுதாகத் தெரியும் ஒரு வீட்டிலிருந்து சென்ற ஐப்பசி மாதம் எனக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் பஞ்சாலைக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2005இல் தமது சேமிப்பிலிருந்து ஒரு ஏ.வி. ரிசீவரும் (கருவிகளின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஐந்து ஸ்பீக்கரும் ஆழ்ந்த ஒலிக்கென்று தனி மின்னிணைப்பு உள்ள ஒரு சப்வூஃபரும் வாங்கி, கூடத்துச் சுவரோரமாக வயர் ஓட்டி, அன்று முதல் பழுதின்றிப் பயன்படுத்தி வந்தவர். வீட்டிலிருந்த 29 அங்குல ட்யூப் டிவி நின்றுபோனதால், அவருடைய மகன் தீபாவளிக்கு வந்தபோது 55 அங்குல 4கே டிவி ஒன்றைச் சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டு, வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பியிருந்தார்.

"தம்பி, அஞ்சு ஸ்பீக்கர் இருக்கு, ரெண்டுதான் பேசுது. அந்த ரெண்டும் தேன்கூட்டுல கல்லெறிஞ்ச மாதிரி இரையுது," என்பது அவர் தொலைபேசியில் சொன்ன குறை. டிவி வாங்கிய கடையில், ரிசீவரை எடைக்குப் போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அதில் மனமில்லை. எனக்கும் அந்த யோசனை ஒப்பவில்லை. 11 கிலோ எடையும், கை நிறையும் அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள ஒரு கருவி, பொருத்தமான வாய் இல்லை என்பதற்காக மட்டும் குப்பைக்குப் போக வேண்டியதில்லை.

வீட்டில் இருந்தவை

முதல் நாள் செய்த வேலை, டார்ச் விளக்கோடு எல்லாக் கருவிகளின் முதுகையும் பார்த்துக் குறித்துக்கொண்டதுதான். ரிசீவரின் பின்புறத்தில் டிஜிட்டல் ஒலியை ஒளியாக வாங்கும் இரண்டு ஆப்டிகல் உள்ளீடுகள், அதையே செம்பு வயரில் வாங்கும் ஒரு கோஆக்சியல் டிஜிட்டல் உள்ளீடு, சிவப்பும் வெள்ளையுமாக ஐந்தாறு ஜோடி ஆர்.சி.ஏ. துளைகள், பச்சை நீலம் சிவப்பு என்று காம்பொனென்ட் வீடியோவுக்கு இரண்டு வரிசை, ஆறு சேனல் (ஆறு தனித்தனி ஒலித் தடம்) அனலாக் உள்ளீடு ஒன்று ஆகியவை இருந்தன. படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் எச்.டி.எம்.ஐ. இல்லை. அந்த இணைப்பின் முதல் வரையறை 2002 டிசம்பரிலேயே வந்துவிட்டது என்றாலும், 2005இல் நடுத்தர விலையில் விற்ற ரிசீவர்கள் பலவற்றில் அது இடம்பெறவில்லை. முன்புற முகப்பில் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். (ஐந்து சேனலையும் சுருக்கிக் கொண்டுவரும் இரு வடிவங்கள்), பி.சி.எம். (சுருக்காத ஒலி, இங்கே இரண்டு சேனல்), புரோலாஜிக் 2 (இரண்டு சேனலை ஐந்தாக விரிப்பது) என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தன. இந்த வேலை முழுவதிலும் என் அளவுகோல் அந்த நான்கு விளக்குகள்தான். காது ஏமாறலாம், எது உள்ளே வருகிறது என்பதில் அந்த விளக்கு ஏமாறாது.

மற்றவை: எச்.டி.எம்.ஐ. வழியும் ஏ.வி. வழியும் உள்ள ஒரு கேபிள் செட்டாப் பாக்ஸ். கோஆக்சியல் டிஜிட்டல் வெளியீடு உள்ள 2012ஆம் ஆண்டு ப்ளூ-ரே பிளேயர். இணையத்திலிருந்து படம் பார்க்க மகன் விட்டுச் சென்ற ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக். பரணிலிருந்து இறக்கப்பட்ட, வீடியோ கேசட் ஓட்டும் ஒரு வி.சி.ஆர். இந்தக் கடைசிச் சாமானைப் பற்றி வீட்டு அம்மா தனியாக ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் போனபோது இணைப்பு இப்படி இருந்தது. மூன்று புதிய கருவிகளும் எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்குப் போயின. டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயர் ரிசீவரின் 'சி.டி.' உள்ளீட்டுக்கு வந்தது. அது போதாதென்று, செட்டாப் பாக்ஸின் சிவப்பு வெள்ளை வயரும் ரிசீவரின் இன்னொரு உள்ளீட்டில் சொருகப்பட்டிருந்தது. ஆக, எந்த வழியில் வந்தாலும் ரிசீவருக்குக் கிடைத்தது இரண்டு சேனல் அனலாக் ஒலி மட்டுமே. ஐந்து ஸ்பீக்கரில் இரண்டு பேசியதில் வியப்பில்லை.

ஹம்மிங்

ஐந்து சேனலைத் தேடிப் போகும் முன் இரைச்சலை நிறுத்த வேண்டியிருந்தது. ஹம்மிங் என்றவுடன் ரிசீவருக்குள் கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி மூடியைக் கழற்றுவது நம் தொழிலில் உள்ள ஒரு கெட்ட பழக்கம். எல்லா உள்ளீட்டு வயர்களையும் பிடுங்கிவிட்டு வால்யூமை முக்கால் வரை ஏற்றினேன், நிசப்தம். ரிசீவர் குற்றமற்றது. ஹெட்ஃபோன் வயரைச் சொருகினேன், இரைச்சல் வந்தது. அந்த நிலையிலேயே, சுவரிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரை மட்டும் திருகிக் கழற்றினேன், சட்டென்று நின்றது.

காரணம் இதுதான். தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளின் வெளிக்கவசம் தெருவில் எங்கோ ஓரிடத்தில் தரையோடு தொடர்பு கொண்டிருக்கிறது. வீட்டுக்குள், மூன்று முள் பிளக் உள்ள சப்வூஃபர் வீட்டின் எர்த்தோடு தொடர்பு கொண்டிருக்கிறது. இந்த இரண்டு தரைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. கேபிள் கவசம், செட்டாப் பாக்ஸ், எச்.டி.எம்.ஐ. கவசம், டிவி, ஆர்.சி.ஏ. கவசம், ரிசீவர், சப்வூஃபர் வயர், எர்த் என்று ஒரு முழு வளையம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றுகிறது. ஒலியைச் சுமக்கும் வயரின் கவசத்திலேயே அது ஓடுவதால் ஒலியோடு கலந்து, பேசும் ஸ்பீக்கர்களிலெல்லாம் கேட்கிறது. பழைய டிவி இருந்த காலத்தில் டி.வி.டி. பிளேயர் மட்டுமே ரிசீவரோடு இணைந்திருந்தது. கேபிள் நேரே டிவிக்குப் போய் அங்கேயே நின்றது. வளையம் அப்போது மூடவில்லை.

சப்வூஃபரின் எர்த் முள்ளை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று சொல்லும் ஆட்கள் ஊரில் உண்டு. நிற்கத்தான் செய்யும். பிறகு உள்ளே ஏதேனும் பழுதாகி உலோகப் பாகத்தில் மின்சாரம் ஏறினால், அது போவதற்கு இருக்கும் வழி அதைத் தொடுகிற மனிதர்தான். அதை நான் எந்த வீட்டிலும் செய்ததில்லை.

டிவியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து ரிசீவருக்கு ஒரு ஆப்டிகல் வயர் போட்டு, அனலாக் வயர்கள் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஆப்டிகல் என்பது பிளாஸ்டிக் இழை வழியாகப் போகும் சிவப்பு ஒளி. தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் இணைப்புதான் இன்றும் அந்தச் சதுரத் துளையில் இருக்கிறது. ஒளி மின்னோட்டத்தைக் கடத்தாது, வளையம் அறுந்தது, இரைச்சல் போயிற்று. ஆப்டிகல் வயரின் முனையில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தெளிவான ஒரு பிளாஸ்டிக் குல்லாய் இருக்கும். அதைக் கழற்றாமல் சொருகிவிட்டு, வயர் சரியில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே படம், இரண்டு விடை

இனி ஐந்து சேனல். ஆப்டிகல் வயர் போட்டதும் ரிசீவரில் 'பி.சி.எம்.' விளக்கு எரிந்தது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு பி.சி.எம். என்றே வைக்கப்பட்டிருந்ததால் அது எதிர்பார்த்ததுதான். அதை 'ஆட்டோ' என்று மாற்றி, டிவிக்குள்ளேயே இருக்கும் ஸ்ட்ரீமிங் செயலியில் ஒரு படத்தை ஓட்டியவுடன் 'டால்பி டிஜிட்டல்' விளக்கு எரிந்தது. பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரும் பல நாள் கழித்து வாய் திறந்தன. ஐயா நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அதே படத்தை மகனுடைய ஸ்டிக்கில் ஓட்டியபோது மறுபடியும் 'பி.சி.எம்.' விளக்குதான் எரிந்தது. படமும் ஒன்று, டிவியும் ஒன்று, ஆப்டிகல் வயரும் ஒன்று. விளக்கு மட்டும் வேறு. இந்த வீட்டு வேலையின் முடிச்சு இங்கேதான் இருந்தது.

பழைய கருவிகளின் இயல்பு, கேளாமல் கொடுப்பது. வி.சி.ஆரின் மஞ்சள் துளையில் எப்போதும் படம் ஓடிக்கொண்டிருக்கும். மறுமுனையில் டிவி இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. ஆப்டிகலும் அப்படித்தான், ஒளி ஒரே திசையில் போகிறது, பதில் வருவதற்கு வழியே கிடையாது. எச்.டி.எம்.ஐ. அப்படி அல்ல. அதன் 19 முனைகளில் 15ஆம், 16ஆம் முனைகள் பேசிக்கொள்வதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. மறுமுனையில் ஒரு கருவி இருப்பதை 19ஆம் முனை அறிவித்தவுடன், கொடுக்கும் கருவி, வாங்கும் கருவியின் ஈ.டி.ஐ.டி. என்ற குறிப்பைப் படித்துப் பார்க்கிறது. 128 பைட் கொண்ட ஒரு பகுதியும் அதன் பின்னிணைப்பும் சேர்ந்த அந்தக் குறிப்பில், தன்னால் எந்தெந்த அளவுப் படத்தைக் காட்ட முடியும், எந்தெந்த வகை ஒலியை ஏற்க முடியும் என்பதையெல்லாம் வாங்கும் கருவி எழுதி வைத்திருக்கும். ஜாதகம் பார்த்த பிறகே சம்பந்தம் பேசுவது போல, அதைப் படித்த பிறகே கொடுக்கும் கருவி என்ன அனுப்புவது என்று முடிவு செய்கிறது.

இந்த டிவியின் ஜாதகத்தில், எச்.டி.எம்.ஐ. வழியாக வருவது இரண்டு சேனல் பி.சி.எம். ஒலி என்றால் மட்டும் ஏற்பேன் என்று எழுதியிருந்தது. தனக்குள் இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்பதால் அது சொன்னதில் பொய்யில்லை. ஆனால் பின்னால் ஆப்டிகல் வயரின் மறுமுனையில் ஐந்து சேனலையும் பிரிக்கத் தெரிந்த ஒரு ரிசீவர் காத்திருக்கிறது என்ற செய்தி அந்த ஜாதகத்தில் இல்லை; அதை எழுதச் சொல்ல ரிசீவருக்கு வாயும் இல்லை. எனவே ஸ்டிக், ஐந்து சேனலையும் இரண்டாகப் பிசைந்து அனுப்பியது. டிவிக்குள்ளேயே இருக்கும் செயலிக்கு இந்த விசாரணை தேவைப்படாததால் அது ஆப்டிகலுக்கு நேராக டால்பி டிஜிட்டலைக் கொடுத்தது. எல்லா டிவிகளும் இப்படி அல்ல. டால்பி டிஜிட்டலை ஏற்பேன் என்று எச்.டி.எம்.ஐ. ஜாதகத்தில் எழுதி, வந்ததை அப்படியே ஆப்டிகலுக்குக் கடத்திவிடும் டிவிகளும் உண்டு. வாங்கும் முன் அட்டைப்பெட்டியைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பது என் நெடுநாள் மனக்குறை.

"அப்ப டிவிக்குள்ள இருக்கறதையே வச்சுக்கிட்டா என்ன?" என்று ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். பேரப்பிள்ளைகளுக்கு வேண்டிய ஒரு செயலி அந்த டிவிக்குக் கிடைக்கவில்லை என்பதும், மகனுடைய கணக்குகள் எல்லாம் ஸ்டிக்கில் இருந்தன என்பதும்தான் தடை.

ரிசீவருக்குப் பதிலாகப் பேசும் பெட்டி

இதற்கு மருந்து, எச்.டி.எம்.ஐ. ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்ற ஒரு சிறு பெட்டி. ஸ்டிக் இதில் சொருகப்படும். படம் இதன் வழியாக டிவிக்குப் போகும். ஒலி இதிலிருந்து ஆப்டிகல் வழியாகப் பிரிந்து ரிசீவருக்குப் போகும். கடைகளில் இதை வாங்கும் பலர், ஒலியைப் பிரித்தெடுப்பதுதான் இதன் வேலை என்று நினைக்கிறார்கள். என் கருத்தில் இதன் முக்கிய வேலை அதன் ஓரத்தில் உள்ள சிறு ஸ்விட்சில் இருக்கிறது. அதற்கு மூன்று நிலைகள்: டிவியின் ஜாதகத்தை அப்படியே காட்டுவது ஒன்று; இரண்டு சேனல் என்று சொல்வது ஒன்று; 5.1 சேனல் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும்) என்று சொல்வது ஒன்று. மூன்றாவது நிலையில் வைத்தால், வாயில்லாத ரிசீவருக்குப் பதிலாக இந்தப் பெட்டி பேசுகிறது.

டவுன்ஹால் ரோட்டில் 900 ரூபாய்க்கு வாங்கிய முதல் பெட்டி தோற்றது. ஸ்டிக்கின் முகப்புத் திரை அழகாகத் தெரிந்தது. படத்தை ஓட்டியவுடன் திரை கறுத்தது. பட்டியல் தெரிந்து, படம் மட்டும் கறுக்கிறது என்றால், வயரையும் டிவியையும் சந்தேகிக்கும் முன் எச்.டி.சி.பி.யைச் சந்தேகிக்க வேண்டும். நகலெடுப்பதைத் தடுப்பதற்கான அந்தப் பூட்டு, இடையில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியிடமும் சாவி இருக்கிறதா என்று கேட்கிறது. 4கே படங்களுக்கு அது கேட்பது 2.2ஆம் பதிப்பின் சாவி. மலிவுப் பெட்டியிடம் இருந்தது பழைய சாவி. 2.2 என்றும், 18 கிகாபிட் என்றும் அட்டையில் தெளிவாக அச்சிட்ட இரண்டாவது பெட்டிக்கு 2,100 ரூபாய் ஆயிற்று. 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்புவதற்கு எச்.டி.எம்.ஐ. 2.0 வகுத்த அளவு அந்த 18 கிகாபிட்தான்.

இரண்டாவது பெட்டியில் படம் வந்தது; விளக்கு எரியவில்லை. இம்முறை ரிசீவரில் ஓசையே இல்லை. ஸ்ட்ரீமிங் சேவைகளில் பல, 5.1 ஒலியை டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற பிற்கால வடிவத்தில் அனுப்புகின்றன. அதை ஆப்டிகல் சுமக்காது. சுமந்தாலும் 2005ஆம் ஆண்டு ரிசீவருக்கு அது புரியாது. ஸ்டிக்கின் ஒலி அமைப்பில், தானே தேர்ந்துகொள்ளும் நிலையை விலக்கி, டால்பி டிஜிட்டல் என்று கட்டாயமாக வைத்தபோது ஸ்டிக்கே அதைப் பழைய வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தது. புதிய வடிவத்தை வகுத்தவர்கள் பழைய ரிசீவர்களை மனத்தில் வைத்தே, அதை 640 கிலோபிட் டால்பி டிஜிட்டலாக மாற்ற எளிதான வகையில் அமைத்திருக்கிறார்கள். டி.வி.டி.யில் டால்பி டிஜிட்டலின் உச்சவரம்பு 448 கிலோபிட்தான் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த மாற்றத்தில் ஐயா இழந்தது எதுவுமில்லை.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. ஓரத்து ஸ்விட்சை மாற்றினால் மட்டும் போதாது. ஸ்டிக்கைப் பிடுங்கிச் சொருகினால்தான் அது ஜாதகத்தை மறுபடி வாசிக்கும். எக்ஸ்ட்ராக்டருக்கு வேண்டிய 5 வோல்ட்டை டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்தால், டிவி உறங்கும்போது அதுவும் உறங்கி, காலையில் எல்லாம் வரிசை மாறி விழித்துக்கொள்ளும். தனி அடாப்டர் போடுவதே நல்லது. ஒரு குறையும் உண்டு: 5.1 நிலையில் ஸ்டிக்கிலிருந்து டிவிக்கும் டால்பி டிஜிட்டலே போவதால் அந்த உள்ளீட்டில் டிவியின் சொந்த ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. ஸ்டிக்கில் எதைப் பார்த்தாலும் ரிசீவரைப் போட்டாக வேண்டும்.

செட்டாப் பாக்ஸுக்கு இப்படி ஒரு பெட்டி வாங்கலாமா என்று ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் பார்க்கும் கேபிள் சேனல்கள் அனைத்தும் இரண்டு சேனல் ஒலியிலேயே வந்தன. டிவி வழியாக ஆப்டிகலில் வருவதை ரிசீவரின் புரோலாஜிக் 2 ஐந்தாக விரித்துக் கொடுத்தது; செய்திக்கும் சீரியலுக்கும் அது போதும்.

ப்ளூ-ரே பிளேயரும் திரும்பி வந்த இரைச்சலும்

ஐயாவுக்கு முதலில் தோன்றிய வழி, ப்ளூ-ரே பிளேயரைப் பழைய முறையில் காம்பொனென்ட் வயரால் இணைப்பது. ரிசீவரில் அதற்கான துளைகள் இருக்க, பிளேயரில் காணோமே என்று அவருக்கு வருத்தம். மூன்று வண்ண வயரால் 1080i என்னும் எச்.டி. படத்தைத் தாராளமாகச் சுமக்க முடியும். இது திறமைக் குறைவு அல்ல, உரிம நிபந்தனை. 2010க்குப் பிறகு தயாரான பிளேயர்கள், பூட்டுப் போட்ட ப்ளூ-ரே தட்டுகளின் படத்தை அனலாக் வழியில் சாதாரணத் தரத்துக்குக் குறைத்தே கொடுக்க வேண்டும் என்றும், 2013க்குப் பிறகு தயாரானவை அந்த வழியையே அடைத்துவிட வேண்டும் என்றும் விதித்திருந்தார்கள். காம்பொனென்ட் துளைகளை நம்பி ரிசீவர் வாங்கிய ஒரு தலைமுறையையே இந்த விதி தெருவில் விட்டது என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஒலிக்கு வேறு வழி இருந்தது: பிளேயரின் கோஆக்சியல் வெளியீட்டிலிருந்து ரிசீவரின் கோஆக்சியல் உள்ளீட்டுக்கு ஒரே வயர். டிவியைத் தொடாமல் நேராகப் போவதால் ஜாதகத் தொல்லை இல்லை. அமைப்பில் பிட்ஸ்ட்ரீம் (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று வைத்தால் போதும். புதிய தட்டுகளில் வரும் டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஒலிக்குள் பழைய டி.டி.எஸ். ஓர் உட்கருவாகப் பொதிந்திருக்கிறது. பிளேயர் அதை மட்டும் உருவி 1,509 கிலோபிட்டில் அனுப்புகிறது. டால்பி ட்ரூஎச்.டி.யில் அப்படி உட்கரு இல்லாததால், தட்டிலேயே துணையாக ஒரு டால்பி டிஜிட்டல் தடம் எழுதப்பட்டிருக்கும், அது போகும். பிளேயரின் அமைப்பில் உள்ள 'ஆடியோ மிக்ஸ்' என்பதை அணைத்து வைக்க வேண்டும். பட்டன் ஓசையையும் கூடுதல் விளக்க ஒலியையும் கலப்பதற்கான அந்த வசதி போட்டிருந்தால், பிளேயர் மூல ஒலியை அப்படியே விடாமல் தானே கலந்து கொடுக்கும். இழப்பில்லாத முழு ஒலி வேண்டுமென்றால் ரிசீவரின் ஆறு சேனல் அனலாக் உள்ளீடு காத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஆறு வெளியீடு உள்ள பிளேயர் வேண்டும். அந்த வகையைப் பழைய சாமான் சந்தையில் தேடி அலைய நான் சொல்லவில்லை.

'டி.டி.எஸ்.' விளக்கு எரிந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் தமிழ்நாட்டுத் திரையரங்க வாசல்களில் அந்த மூன்று எழுத்துக்காகவே கூட்டம் நின்றதை ஐயா நினைவுகூர்ந்துகொண்டிருந்தபோதே, சப்வூஃபர் முனக ஆரம்பித்தது.

முதல் நாள் பேசிய ஸ்பீக்கர்களிலெல்லாம் வந்த இரைச்சல் இப்போது சப்வூஃபரில் மட்டும் வந்தது என்பதே துப்பு. கோஆக்சியல் டிஜிட்டல் வயரில் ஓடுவது எண்கள். அவற்றில் 50 ஹெர்ட்ஸ் கலந்து கேட்க வழியில்லை. ஆனால் அதன் கவசம் செம்பு. பிளேயரிலிருந்து எச்.டி.எம்.ஐ. டிவிக்குப் போகிறது, டிவியிலிருந்து எச்.டி.எம்.ஐ. செட்டாப் பாக்ஸுக்குப் போகிறது, அங்கிருந்து கேபிள் தெருவுக்குப் போகிறது. ஆப்டிகலால் ஒரு பக்கம் அறுத்த வளையத்தை மறுபக்கம் நானே மூடிவிட்டேன். அந்த மின்னோட்டம் இப்போது ரிசீவரையும் சப்வூஃபரையும் இணைக்கும் அனலாக் வயர் வழியாகவே எர்த்துக்குப் போனது. ஆகவே அது மட்டும் முனகியது.

இரண்டு ஆப்டிகல் துளைகளில் ஒன்று டிவிக்கும் ஒன்று எக்ஸ்ட்ராக்டருக்கும் போய்விட்டன. கார் ஆடியோ கடைகளில் கிடைக்கும் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' சப்வூஃபர் வயருக்கு உகந்ததல்ல. அதிலுள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர், சப்வூஃபர் எதற்காக இருக்கிறதோ அந்த ஆழ்ந்த ஒலியைத்தான் முதலில் விழுங்கும். எனவே வளையத்தை அது வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அறுப்பதென்று முடிவு செய்தேன்.

கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடிக்க மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டித் திரிந்த காலத்தில், 300 ஓம் தட்டை வயரை 75 ஓம் கேபிளோடு சேர்ப்பதற்குச் சுண்டுவிரல் அளவில் ஒரு பாலன் போடுவோம். பலூன் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். என் பெட்டியின் அடித்தட்டில் அவற்றில் நான்கு கிடந்தன. இரண்டை எடுத்து, 300 ஓம் முனைகளை முனையோடு முனை சேர்த்துக் கட்டினால், ஒளிபரப்பு அலை காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும். செம்புக்குச் செம்பு தொடர்பு இருக்காது. எல்லாப் பாலனும் இதற்கு உதவாது. சிலவற்றில் உள்ளே இரு பக்கமும் இணைந்தே இருக்கும். மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதித்து, தொடர்ச்சி காட்டாத இரண்டைத் தேர்ந்தெடுத்து, செட்டாப் பாக்ஸுக்கு முன்னால் கேபிளில் சேர்த்தேன். சிக்னல் அளவு கொஞ்சம் குறைந்தது. எந்தச் சேனலும் உடையவில்லை. சப்வூஃபர் அமைதியாயிற்று.

உதடும் ஓசையும்

எல்லா விளக்குகளும் எரிந்த பிறகு, வாய் அசைவதற்கு முன்பே வசனம் கேட்கிறது என்று வீட்டு அம்மா கண்டுபிடித்தார். டிவி, படத்தை மெருகேற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒலி நேர்வழியில் ரிசீவருக்கு முந்திப் போய்விடுகிறது. டிவி வழியாக ஆப்டிகலில் வரும் ஒலியில் இந்தக் குறை இல்லை. படத்துக்காக டிவியே ஒலியையும் நிறுத்தி அனுப்புகிறது. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றின் பதிவை ஓட்டி, தவில்காரரின் குச்சி தோலில் விழும் கணத்தை வைத்துச் சோதித்தபோது, நேர்வழியில் ஒலி ஏறக்குறைய 100 மில்லிநொடி முந்துவதாகக் கணக்கிட்டேன். மனிதக் குரலை விடத் தவிலடி இதற்கு ஏற்றது. அடி விழும் கணத்தில் ஐயமே இருக்காது.

ரிசீவரில் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி இருந்தது. ஆனால் எல்லா உள்ளீட்டுக்கும் சேர்த்து ஒரே எண்தான். 100 என்று வைத்தால் டிவி வழி ஒலி 100 பின்தங்கும். இங்கே கைகொடுத்தது, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றில் உள்ள அளவு: ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுவார், பின்தங்கினால் 125 வரை உணர்வதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இயற்கையானதே. ஆடி வீதியில் 34 மீட்டர் தள்ளி நின்று தவில் கேட்பவருக்கு ஓசை பத்தில் ஒரு நொடி கழித்தே வந்து சேர்கிறது. அதை அவர் பிழையாக நினைப்பதில்லை. 70 என்று வைத்தேன். நேர்வழி ஒலி 30 முந்தியது, டிவி வழி 70 பின்தங்கியது. இரண்டும் எல்லைக்குள் அடங்கின. டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணைத்தேன். தாமதம் கொஞ்சம் குறைந்ததோடு, பழைய படங்கள் சீரியல் போலத் தெரிவதும் நின்றது.

கல்யாண கேசட்

வீட்டு அம்மாவின் நிபந்தனை, மகளின் கல்யாண கேசட் புதிய டிவியில் ஓட வேண்டும் என்பது. அதற்காக ஏற்கெனவே ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். அது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது, வேண்டியதோ ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த வெள்ளைப் பெட்டிகள். ஒன்றைத் திருப்பிச் சொருகினால் மற்றொன்றாகிவிடாது. இங்கே இரண்டுமே தேவைப்படவில்லை. டிவியின் ஓரத்தில் 3.5 மில்லிமீட்டர் ஏ.வி. துளை ஒன்று இருந்தது. அதற்கான வயரை வாங்கிச் சொருகியபோது படம் வராமல் ஓசை மட்டும் கரகரத்தது. நான்கு வளையமுள்ள அந்த முனையில் எந்த வளையம் படத்துக்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மறுமுனையில் மஞ்சளை எடுத்துச் சிவப்பில் வைத்துப் பார்த்தேன், மணவறை தெரிந்தது. 576 வரிப் படத்தை 2,160 வரிக்கு இழுப்பதால் புதிதாக எந்த நுணுக்கமும் பிறந்துவிடாது. 4:3 அளவில் வைத்து, கூர்மையைக் குறைத்தபோது முகங்கள் முகங்களாக இருந்தன.

எக்ஸ்ட்ராக்டர், இரண்டு ஆப்டிகல் வயர், ஒரு கோஆக்சியல் வயர், ஏ.வி. வயர் எல்லாம் சேர்த்து சாமான் செலவு 3,400 ரூபாய். தோற்ற முதல் பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். அட்மாஸ் போன்ற புதிய ஒலி வடிவங்கள் இந்த ரிசீவருக்கு வராது என்பதையும், எதற்கு எந்த உள்ளீடு என்பதையும் ஒரு தாளில் எழுதி ரிசீவர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்தேன்.

மார்கழியில் மறுபடி அழைப்பு. "தம்பி, தேனீ திரும்ப வந்துருச்சு." கேபிள் பெட்டியை மாற்ற வந்த பையன், இது என்ன அந்தக் காலத்து ஆன்டெனா சாமான் என்று பாலன் இரண்டையும் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். திரும்பச் சேர்த்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, அதன் மேல் ஐயாவின் கையெழுத்திலேயே 'கழற்றக் கூடாது' என்று ஒரு சீட்டும் ஒட்டியாயிற்று.